கீபோர்டின் மேல் போட்ட பழி

கடைக்குள் காலை வைத்ததுமே கோதண்டபாணிக்கு அந்தக் கடையைப் பிடிக்காமல் போய்விட்டது. பிடிக்க என்ன இருக்கிறது? சனிக்கிழமை பதினொரு மணி வெயிலில் திருச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றால், சுவர் முழுக்கக் கீபோர்டுகளை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்கு ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்குச் சீரியல் செட் போடுகிறவனைக் கூப்பிட்டுக் கடை வைத்த மாதிரி இருக்கிறது. எழுத்து அடிக்கிற சாமானுக்கு எதற்கடா இந்த ஜிகினா? ஒரு கல்லூரிப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு கீபோர்டை டப் டப்பென்று தட்டி, பக்கத்தில் இருந்தவனிடம் "ஃபீல் செமயா இருக்கு மச்சான்" என்றான். அவன் அடித்தது இரண்டே விரலில். இரண்டு விரலுக்கு ஃபீலாம். இவன் அப்பன் எங்கேயோ வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய காசு இங்கே ஊதா விளக்காக எரிகிறது. கோதண்டபாணிக்குப் பத்து விரல். பத்தும் தனித்தனியாகச் சம்பளம் வாங்கலாம், அவ்வளவு வேலை செய்தவை. தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர், இரண்டிலும் முதல் வகுப்பு. முப்பத்தோரு வருஷமாக உரிமையியல் நீதிமன்றத்தில் தட்டச்சர். வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் அவர் பாணி சார். சாட்சிக் கூண்டில் நிற்பவன் வாயைத் திறந்து மூடுவதற்குள் வாக்குமூலம் திரையில் நிற்கும். அப்பேர்ப்பட்ட ஆள், கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பையை இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போன பிள்ளை மாதிரி வாசலிலேயே நின்றார். பைக்குள் இருந்தது அவருடைய நீதிமன்றத்துக் கீபோர்டு. நேற்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு கழற்றி எடுத்து வந்தது. அது கெட்டுப்போயிருக்க வேண்டும். கெட்டுத்தான் போயிருக்க வேண்டும். அதை இந்தக் கடைக்காரர்கள் ஒரு தாளில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தால் அவர் பிழைத்தார்.

"வாங்க சார், என்ன மாதிரி பாக்குறீங்க?" என்று ஒரு பெண் வந்தாள். கறுப்பு பனியன், அதில் கடையின் பெயர், நெஞ்சில் ஜெனிட்டா என்று ஒரு வில்லை. இருபத்திரண்டு இருக்கும். அங்கிள் என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் சரி. "டைப் அடிக்க" என்றார். அவள் சிரித்தாள். "எல்லாமே டைப் அடிக்கத்தான் சார். மெம்பரேன் இருக்கு, மெக்கானிக்கல் இருக்கு, வயர்லெஸ் இருக்கு, நடுவுல பிளந்த மாதிரி கைவலிக்காரங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு. மெக்கானிக்கல்லயே சத்தம் வர்றது, சத்தம் வராதது, ரெண்டுக்கும் நடுவுலன்னு மூணு. உங்களுக்கு எது?" ஹோட்டலில் பலகாரம் ஒப்பிக்கிறவன் மாதிரி ஒப்பிக்கிறாள். இத்தனை வகை எதற்கு? மனுஷனுக்கு எழுத வருகிறதா என்று ஒருத்தனும் கேட்பதில்லை, எதில் எழுதுகிறாய் என்றுதான் கேட்கிறான்கள். நடுவில் பிளந்தது ஒன்று மேஜையில் கிடந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், பாகப்பிரிவினை ஆன வீடு மாதிரி. வீடு. சனியன், எங்கே சுற்றினாலும் அந்த வீட்டில் வந்து நிற்கிறது. தையல்நாயகியின் வீடு. ஓட்டு வீடாகத்தான் இருக்கும். அவர் பார்த்ததில்லை. வழக்கு எண்ணாகத்தான் தெரியும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொழுந்தன் ஒரு பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம். அது செல்லாது என்று அவள் வழக்குப் போட்டிருக்கிறாள். தோற்றால் அறுபது வயசில் தெருவில் நிற்க வேண்டியதுதான். நிற்கட்டுமே, யார் கையெழுத்துப் போடச் சொன்னது என்று போன வாரம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் வரைக்கும் அவருக்கு எந்த வீட்டைப் பற்றியும் கவலை இருந்ததில்லை. எத்தனை வீடுகள் அவர் விரலுக்குக் கீழே ஓடியிருக்கின்றன. கிழக்கே பொதுப்பாதை, மேற்கே வாய்க்கால், தெற்கே இன்னான் மனை. அடித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்.

"இத அடிச்சுப் பாருங்க சார், கவர்ன்மெண்ட் ஆபீசுக்கெல்லாம் இதான் போகுது" என்று ஜெனிட்டா விலை குறைந்த மெம்பரேன் ஒன்றை மேஜைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். கவர்ன்மெண்ட் ஆபீஸ் என்று எப்படிக் கண்டுபிடித்தாள்? சட்டைப் பையில் இரண்டு பேனாவா, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதா? "தமிழ் வருமா?" "வரும் சார். போன்ல அடிக்கிற மாதிரியா, டைப்ரைட்டர் மாதிரியா?" போனில் அடிக்கிற மாதிரியாம். அம்மா என்று எழுத இங்கிலீஷில் அடிக்கிற கூட்டம். "டைப்ரைட்டர்" என்றார், ஒரு ஜமீன்தார் தன் ஊரைச் சொல்கிற தோரணையில். அவள் மாற்றிக் கொடுத்துவிட்டு அந்தக் கல்லூரிப் பையனைக் கவனிக்கப் போனாள். வெள்ளைத் திரை. விரல்களை வைத்தார். ரப்பருக்குள் விரல் புதைகிற மாதிரி, ஆறிப்போன களியில் கை வைத்த மாதிரி கொழகொழவென்று இருந்தது. என்ன அடிப்பது? விரல்கள் அவரைக் கேட்கவில்லை. கனம் நீதிபதி அவர்கள் சமூகத்திற்கு என்று ஆரம்பித்துவிட்டன. திங்கட்கிழமை காலையில் நீதிபதியிடம் கொடுக்க வேண்டிய அறிக்கை. மேற்படி வழக்கில் வாதியின் குறுக்கு விசாரணையின்போது, மேற்படி சாட்சி தாங்கள் குறிப்பிட்டவாறு எதுவும் கூறவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு மூச்சில் வந்தது. ஒரு பிழை இல்லை. வக்கீல் பொன்னம்பலம் வெள்ளிக்கிழமை படிக்கட்டில் வழி மறித்துச் சொன்னது இதைத்தான். கொழுந்தன் பக்கத்து வக்கீல் அவர். "பாணி சார், எதுக்கு மண்டையைப் போட்டு உடைச்சுக்கறீங்க? அந்தம்மா அப்படி ஒண்ணும் சொல்லலன்னு ரெண்டே வரி எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க. உங்க எழுத்தை எவன் கேள்வி கேப்பான்?" தோளில் வேறு கை போட்டார். கோயில் யானையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தட்டினார். அந்தக் கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. அந்த இரண்டு வரியை இப்போது திரையில் பார்த்தபோது அதிலும் பொன்னம்பலத்தின் பன்னீர் வாடை அடிப்பது போல இருந்தது. ஜெனிட்டா திரும்பி வருவதற்குள் அழித்தார்.

நீதிபதி அம்மாவைச் சொல்ல வேண்டும். வந்து ஆறு மாசம் ஆகிறது, சின்ன வயசு, அவருக்கு ஒரு பெண் இருந்தால் அந்த வயசு இருக்கும். முந்தைய நீதிபதிகள் சாட்சி சொன்னதை வாங்கி, தாங்கள் ஒரு தடவை சொல்ல, அதைத் தட்டச்சர் அடிப்பதுதான் நடைமுறை. இந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு வாரத்தில், "நீங்களே எழுதிக்குங்க பாணி சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார். தொண்டை சரியான பிறகும் அப்படியே நடந்தது. அதிலே கோதண்டபாணிக்கு எவ்வளவு குளிர்ச்சி! சாட்சிகள் பேசுவார்கள், ஐயோ, என்ன பேச்சு. கேட்டது ஒன்று, சொல்வது ஒன்பது. ஆடு செத்தது, மாமியார் பேசியது, ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றியது. அத்தனையையும் சலித்து எடுத்து அவர் ஒரே வரியில் நிறுத்துவார்: பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து என்றால் சரிதான். இந்த 'என்றால் சரிதான்' இருக்கிறதே, அதற்குள் ஒரு ஆயுசை மடித்து வைத்துவிடலாம். கடைசியில், படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது என்று ஒரு வாசகம் வர வேண்டும். அதை ஒரே விசையில் விழுகிற மாதிரி வைத்திருந்தார். விசையைத் தட்டுவார், வாசகம் விழும், பிரிண்ட் வரும், சாட்சி கையெழுத்துப் போடுவான். யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. நாற்பது கேஸ் இருக்கிற நாளில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தால் கோர்ட் நடந்த மாதிரிதான். இதெல்லாம் எல்லா இடத்திலும் இருக்கிறது, அவர் ஒருத்தர் கண்டுபிடித்ததா? ஆனால் மாட்டியது அவர். தையல்நாயகியின் சின்ன வயசு வக்கீல் நகல் வாங்கிப் பார்த்துவிட்டான். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் யாரும் படித்துக் காட்டவில்லை, ஆஸ்பத்திரிக் காகிதம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள் என்று அவள் சொன்னாளாம். எழுத்தில் முதல் துண்டு மட்டும் இருக்கிறதாம். மனுப் போட்டுவிட்டான். நீதிபதி அம்மாவுக்கு ஞாபகமில்லை, அந்த நேரம் தலைமை எழுத்தரிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னம்பலம் சொல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டபோது, பாணி சாரின் வாயிலிருந்து அவரைக் கேட்காமலேயே அது விழுந்தது: "கீபோர்டு ரெண்டு மாசமாவே சரியில்லீங்கம்மா. அடிக்கிறது விழ மாட்டேங்குது." நீதிபதி அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "சரி, அதையும் எழுதிக் குடுங்க. ஆனா அந்தம்மா சொன்னாங்களா இல்லையா, அதை முதல்ல எழுதுங்க. நீங்க எழுதறதை வச்சுத்தான் நான் உத்தரவு போடணும்." போடட்டும். எல்லாரும் என் தலையில் போடுங்கள்.

இப்போது ஜெனிட்டா மெக்கானிக்கல் ஒன்றைக் கொண்டுவந்தாள். கனம் இருந்தது. அடித்ததும் கடையே திரும்பிப் பார்த்தது. டக டக டகவென்று ஆலங்கட்டி மழை. கல்லூரிப் பையன் வாயைப் பிளந்தான். "சார், என்னா ஸ்பீடு சார்!" என்றான். பாணி சாருக்கு உச்சி குளிர்ந்தது, அது குளிர்ந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. இந்தப் பயல் சொல்லித்தானா? ஆனாலும் வேகத்தைக் கூட்டினார். விசைப்பலகையின் கோளாறு காரணமாக மேற்படி சாட்சியின் பதிலில் ஒரு பகுதி பதிவாகாமல் போயிருக்க வாய்ப்புள்ளது என்பதைப் பணிவுடன். ஆகா. 'வாய்ப்புள்ளது.' சொன்னாள் என்றும் இல்லை, சொல்லவில்லை என்றும் இல்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி எழுதுகிறவனடா நான். ஆனால் பொன்னம்பலம் எழுந்து நின்று கேட்பாரே, எழுத்து விழுங்கும் சரி, இரண்டு வரியை முழுசாக விழுங்கி, நடுவில் முற்றுப்புள்ளியை மட்டும் அழகாக வைக்குமா உங்கள் கீபோர்டு என்று. கோர்ட்டே சிரிக்கும். சிரித்தால் போகிறது என்று விடுகிற ஜாதியா அவர்? ஒரு சிரிப்பை வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கிறவர். போதாக்குறைக்கு, பெரிய தண்டனைக்கான விதி, பதினேழு பி-யில் மெமோ வரும். நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது, ஓய்வூதியம் வரைக்கும் வந்து கடிக்கிற மெமோ அது. பயம். சொன்னால் என்ன, பயம்தான். அதனால்தான் சர்ட்டிபிகேட் வேண்டும். பழுது என்று ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டால் முற்றுப்புள்ளியைப் பற்றி யார் கேட்கப்போகிறான்? பையிலிருந்து பழைய கீபோர்டை எடுத்து மேஜையில் வைத்தார். அழுக்கு. பாதி விசைகளில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. ஒரு முறுக்குத் துணுக்கு எட்டிப் பார்த்தது. பளபளப்பான அத்தனைக்கும் நடுவில் அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "இது சரியா வேலை செய்யல. செக் பண்ணி எழுதிக் குடுப்பீங்களா?"

அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சொருகி, திரையில் ஒரு கீபோர்டுப் படத்தைக் கொண்டுவந்தாள். "ஒவ்வொண்ணா அமுக்குங்க சார். வேலை செஞ்சா பச்சையாகும்." அமுக்கினார். பச்சை. அடுத்தது பச்சை. ஒரு விசையாவது, ஒரே ஒரு விசையாவது கறுப்பாக நிற்கக் கூடாதா? மாரியாத்தா, உனக்கு என்ன குறை வைத்தேன், ஒரு சின்ன விசை. இடது கைச் சுண்டுவிரல் பச்சை. மோதிரவிரல் பச்சை. வேண்டுமென்றே மெல்லத் தொட்டார், அதற்கும் பச்சை. விரலாவது மரத்துப்போயிருக்கக் கூடாதா, அவரோடு வேலை பார்த்த எத்தனை பேருக்கு மணிக்கட்டு வீங்கி விரல் கோணிப்போயிருக்கிறது, தனக்கு மட்டும் ஏன் இந்த ஆரோக்கியம் என்று நினைத்தார். கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று, தினம் எட்டு மணி நேரம் அடித்தும், கொல்லன் பட்டறை இடுக்கி மாதிரி விரல்கள். கடைசி விசையும் பச்சையானபோது திரை முழுக்க வயல் மாதிரி கிடந்தது. "ஒரு கோளாறும் இல்லையே சார். சூப்பரா இருக்கு. பழைய மாடல்தான், ஆனா இதை அடிச்சுக்க ஆளில்ல." அவர் கடைசி விசையை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், குரலைத் தணித்தாள். "ஆபீசுக்குப் புதுசு வாங்கணும்னா சொல்லுங்க சார், பழுதுன்னு எழுதிக் குடுத்துடறேன். நிறையப் பேர் கேப்பாங்க. கோவிச்சுக்காதீங்க, எங்களுக்கு இது பழக்கம்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். அவள் அவரைத் திட்டவே இல்லை. ஒரு பார்வையில் எடை போட்டு, வருகிற திருட்டுக் கூட்டத்தில் இவரும் ஒருத்தர் என்று அதற்கான அலமாரியில் வைத்துவிட்டாள். முப்பத்தோரு வருஷமாக ஊரையே அப்படி அலமாரியில் வைத்தவர். காது சூடாகி, அது கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"எழுதட்டுமா சார்? விசை ஒழுங்கா விழலன்னா? இல்ல, உங்க கைக்கு இந்த மாடல் சரிப்படலன்னு போட்டுடட்டுமா? அது பொய்யும் இல்ல பாருங்க." உங்கள் கைக்கு. அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டார். இத்தனை நாளாகப் பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி வந்த இடம். செவ்வாய்க்கிழமை, மணி ஒன்று இருபது. மின்விசிறி நின்றுபோய்ப் புழுக்கம். டிபன் டப்பாவுக்குள் எலுமிச்சம்பழச் சாதம் இருப்பது அவருக்கு மூக்கில் தெரிந்தது. கூண்டில் தையல்நாயகி. ஒட்டி உலர்ந்த உடம்பு, வெளிறிய நீலச் சேலை, வாயில் புகையிலை வாடை. பொன்னம்பலம் கேட்டார், பத்திரத்தில் இருப்பது உன் கையெழுத்துதானே என்று. அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தாள். எழுதுகிறவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஆமா தம்பி, என்னுதுதான். ஆனா யாரும் படிச்சுக் காட்டல தம்பி, ஆஸ்பத்திரிக் கடுதாசின்னுதான் சொன்னாங்க, அவரு மூச்சு வாங்கிக்கிட்டு கெடக்காரு, நான் எங்கிட்டு..." அதற்குமேல் நிறுத்திவிட்டு, "வேகமாச் சொல்லுறனா தம்பி? உன் கைக்கு எட்டுதா? மெதுவாச் சொல்லட்டா?" என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தான். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். பொன்னம்பலம் "பாணி சாரையே கேட்டுப்புட்டியே ஆத்தா!" என்று வயிறு குலுங்கினார். உன் கைக்கு எட்டுதா. முதல் வகுப்பு வாங்கிய கையை. பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்ட ஒரு பொம்பளை. சொன்னது காதில் விழாமல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. விரல்கூட எழும்பிவிட்டது, 'ஆனால்' என்று அடிக்க. உனக்கு இது போதும் போ என்று ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். அந்த விசையைத் தட்டினார். வாசகம் விழுந்தது. தாளை நீட்டினபோது அவள் எழுத்துக் கூட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு, தையல்நாயகி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "கை வலிக்கும் தம்பி, போய்ச் சாப்புடு" என்றாள். அவளுக்குக் கேலி பண்ணக்கூடத் தெரியாது. நிஜமாகவே அவர் கையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். அதை அன்றைக்கே தெரிந்துகொண்டார். எலுமிச்சம்பழச் சாதம் இறங்கவில்லை. தெரிந்துகொண்டுதான் நாலு நாளாகக் கீபோர்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சீ, என்ன ஜென்மம்டா நீ! பொன்னம்பலம் பணத்துக்குப் பொய் சொல்கிறான், அதிலாவது ஒரு கணக்கு இருக்கிறது. நீ எதற்கு? நாலு குமாஸ்தா சிரித்ததற்கு ஒரு வீட்டைத் தூக்கி விழுங்கியிருக்கிறாய்.

"எழுதட்டுமா சார்?" என்றாள் ஜெனிட்டா மறுபடியும். கையில் கடையின் ரசீதுப் புத்தகம். கைக்குச் சரிப்படவில்லை என்று எழுதுவாள், அதில் முத்திரை குத்துவாள், நீதிபதி அம்மா அதைக் கோப்பில் வைப்பார், குமாஸ்தாக்கள் அதை எடுத்து எடுத்துப் படிப்பார்கள். பாணி சாருக்குக் கை போச்சாமே. வயசாச்சுல்ல. பாவம். பாவமா! யாருக்கடா பாவம்? எதையும் பொறுத்துக்கொள்ளலாம், மெமோவைக்கூட. இந்தப் பாவத்தை மட்டும் முடியாது. இந்தக் கையில் ஒரு வார்த்தை தப்பியதில்லை, இனியும் தப்பாது, தப்பியதாக எந்தக் கொம்பனும் எழுதிவிட முடியாது. "என் கைக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "கீபோர்டுக்கும் ஒண்ணுமில்ல. நீ ஒண்ணும் எழுத வேண்டாம். அந்தப் பச்சையை எடுத்துட்டு வெள்ளைத் திரையைப் போடு." நின்றபடியே, அழுக்குப் பிடித்த பழையதிலேயே அடித்தார். மேற்படி சாட்சி, தனக்கு யாரும் பத்திரத்தைப் படித்துக் காட்டவில்லை என்றும், ஆஸ்பத்திரிக் காகிதம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றும் தெளிவாகக் கூறினார். அது என் காதில் முழுமையாக விழுந்தது. விசைப்பலகையில் கோளாறு எதுவும் இல்லை. முன்பு நான் வாய்மொழியாகக் கூறியது பொய். என் வேகத்தில் குறை எதுவும் இல்லை. சாட்சியின் மேல் எனக்கு ஏற்பட்ட கோபத்தால், தெரிந்தே அதை எழுதாமல் விட்டேன். வாக்குமூலம் அவருக்குப் படித்துக் காட்டப்படவும் இல்லை. என் வேகத்தில் குறை எதுவும் இல்லை என்ற வரியைப் பார்த்தார். இந்த நேரத்திலும் இது ஒரு கேடு. எடுத்துவிடலாமா என்று யோசித்தார். எடுக்க மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், மற்றதெல்லாம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதானே வெளியே வந்தது.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது ஜெனிட்டாவின் கண் தாளில் ஓடியது. அவர் தடுக்கவில்லை. "சார், இது உங்களப் பத்தியா? நீங்களேவா எழுதிக் குடுக்குறீங்க?" என்றாள். ஆமாம் என்றார். "வேலைக்கு ஒண்ணும் ஆகாதா?" "ஆகும்மா" என்றார். மறுபடியும் பயம் வந்தது. வீட்டில் என்ன சொல்வது? திங்கட்கிழமை வரை இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அந்த ஒரு நாள் போதும் அவருக்கு. தன்னைத் தெரியாதா? காலையில் காபி குடிக்கும்போது முதல் வரியைத் திருத்துவார். மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு இரண்டாவது வரியை. சாயங்காலத்துக்குள் 'வாய்ப்புள்ளது' வந்து உட்கார்ந்துகொள்ளும். அவரை நம்பி இந்தத் தாளை அவர் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. பழைய கீபோர்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கும்போது ஏறியதைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. எதிர்ச்சாரியில் போஸ்ட் ஆபீஸ். சனிக்கிழமை, கவுண்டரை மூடப் போகிறார்கள். ரோட்டில் ஓடுகிற கிழவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. வேட்டி தடுக்க, தொப்பை குலுங்க, என்ன அவசரம் எமனுக்கு என்று கேட்கத் தோன்றும். ஓடினார். ஆட்டோக்காரன் ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். கவர் வாங்கி, தாளில் கையெழுத்துப் போட்டு, நீதிபதி அவர்கள் என்று விலாசம் எழுதி, ஒட்டி, கம்பிக்குள் நீட்டினார்.

கவுண்டரில் இருந்த பெண் எடை பார்த்து, ஸ்பீடு போஸ்ட் சீட்டை ஒட்டி, முத்திரை குத்திப் பின்னால் இருந்த சாக்கில் போட்டாள். ரசீதை வாங்கிக்கொண்டு அவர் அங்கேயே நின்றார். பின்னால் நின்றவன் இடித்தான்.

"இன்னும் என்ன சார்?" என்றாள் கவுண்டர் பெண்.

"இல்ல... இனிமே அதைத் திரும்ப வாங்க முடியாதில்ல?"

"அவ்வளவு லேசில முடியாது சார். ஏன், உள்ள ஏதாச்சும் தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றார் கோதண்டபாணி. "சரியா எழுதிட்டேன். அதான் கேட்டேன்."